பயந்த நாயை ஃபாஸ்டர் எடுத்திருக்கிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அம்மாப்பேட்டையில், இரண்டு பக்கமும் விசைத்தறி ஓடும் ஒரு தெருவில் என் வீடு. வண்டியில் அடிபட்டது, யாரோ வீடு மாறும்போது விட்டுப்போனது, மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தது என்று சில வருஷமாக ஒவ்வொரு நாயாக வைத்துத் தேற்றி, நல்ல இடம் பார்த்து அனுப்பி வருகிறேன். புதிதாக ஃபாஸ்டர் எடுப்பவர்கள் போனில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். வந்த அன்றே வாலாட்டி மடியில் ஏறும் நாய்க்கு இதெல்லாம் தேவைப்படாது. இது மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் நாய்க்கு.

ஃபாஸ்டர் என்றால் தத்து எடுப்பதுதானே?

இல்லை. தத்து எடுத்தால் அது உங்கள் நாய். ஃபாஸ்டர் என்றால் அதற்கென்று ஒரு வீடு அமையும் வரை உங்களிடம் தங்கியிருக்கிறது. பிரசவத்துக்கு வந்த பெண் மாதிரி என்பார் என் மாமியார். தேற்றி, நல்லபடியாக அனுப்பி வைக்க வேண்டும்.

வந்து மூன்று நாளாகக் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது, அக்கா. இழுத்து வெளியே விடட்டுமா?

வேண்டவே வேண்டாம். ஒளிந்துகொள்ள ஓர் இடம் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் அது ஒருநாள் வெளியே வரும். இழுத்துவிட்டால் அந்த இடமும் போச்சு, உங்கள் கை மேல் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போச்சு.

மிளகு என்று ஒரு கறுப்புப் பெண் நாய் எங்களிடம் இருந்தது. ஏற்காட்டில் காபித் தோட்டத்து லைன் வீடுகள் பக்கம் திரிந்தது. கூண்டைத் திறந்ததும் நேராகத் தையல் மிஷினுக்கு அடியில் போய், மிதிபலகைக்குப் பின்னால் சுவரோடு ஒட்டிக்கொண்டது. முதல் இரண்டு நாள் நானும் தப்புதான் செய்தேன். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை குனிந்து பார்த்து, "வாடா தங்கம், வெளியே வாடா" என்று கொஞ்சினேன். ஒவ்வொரு முறையும் அது இன்னும் கொஞ்சம் சுவருக்குள் போக முடியுமா என்று பார்த்தது. அப்புறம் கூப்பிடுவதை விட்டேன். நாலைந்து அடி தள்ளி, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன், தேங்காய் துருவினேன், போனில் அக்காவோடு பேசினேன். திரும்பிப் பார்க்கவே இல்லை.

பன்னிரண்டாம் நாள் எங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலை 9 மணிக்குத் தெருவில் தறி அத்தனையும் நின்றது. அரை மணி நேரம் இருக்கும், முதுகுக்குப் பின்னால் தரையில் டிக் டிக் என்று நகம் படும் சத்தம். திரும்பாமல் ஓரக்கண்ணால் பார்த்தேன். கூடத்து நடுவில் நின்று என் செருப்பை மோந்துகொண்டிருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது: அது பயந்தது என்னைவிடத் தறியை. மலையில் பிறந்து வளர்ந்த நாய்க்கு அந்தச் சத்தம் என்னவென்று யார் சொல்வது? தையல் மிஷின் இருந்ததோ தறிக்கூடத்தை ஒட்டிய சுவர். அன்று மாலையே அதன் துணியைப் பின்பக்க அறைக்கு மாற்றினேன்.

அதனால் நாய் வருவதற்கு முன்னாலேயே அது படுக்கப்போகும் மூலையில் நீங்கள் கால் மணி நேரம் தரையில் உட்கார்ந்து பாருங்கள். மிக்ஸி, குக்கர் விசில், தண்ணீர் மோட்டார், பக்கத்து வீட்டு டிவி எல்லாம் அங்கே எப்படிக் கேட்கிறது என்று தெரியும். பீரோவுக்குப் பின்னால் மாதிரி உங்கள் கை எட்டாத சந்துகளை அடைத்துவிடுங்கள். கட்டிலுக்கு அடியையோ, துணி போர்த்திய ஒரு பெரிய அட்டைப் பெட்டியையோ திறந்து வையுங்கள். தண்ணீர் அதன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

எத்தனை நாளில் பழகும்?

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். திகைப்பு அடங்க 3 நாள், வீட்டு நடைமுறை பிடிபட 3 வாரம், தன் வீடு என்று நினைக்க 3 மாதம். தோராயக் கணக்குதான். ரொம்பப் பயந்த நாய்க்கு முதல் கட்டமே மூன்று வாரம் இழுக்கும்.

நான் காலண்டரைப் பார்ப்பதில்லை. மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தினமும் ஒரு வரி எழுதுவேன். "நான் அறையில் இருக்கும்போதே தண்ணீர் குடித்தது." "குக்கர் விசிலுக்கு எழுந்து ஓடவில்லை." ஒரு வாரம் கழித்துப் புரட்டினால்தான் எவ்வளவு மாறியிருக்கிறது என்று தெரியும். நடுவில் நாலு நாள் பின்னுக்கும் போகும். உறவினர் கூட்டம் வந்துபோனால் கண்டிப்பாகப் போகும்.

சாப்பிடவே மாட்டேன் என்கிறது.

நீங்கள் பக்கத்தில் நிற்கிறீர்கள், அதனால்தான். தட்டை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பயந்த நாய்கள் பல, வீடு அடங்கிய பிறகு நடுராத்திரியில்தான் சாப்பிடும். மிளகு இரண்டு மணிக்குச் சாப்பிட்டது. எவர்சில்வர் தட்டை நக்க நக்க, அது டைல்ஸில் கரகரவென்று நகர்ந்து போய்ச் சுவரில் இடிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் வரும்.

சில நாய்களுக்கு அந்தத் தட்டுச் சத்தமே பயம். அடியில் ஒரு சாக்கை விரியுங்கள், அல்லது மண் சட்டியில் வையுங்கள். முதல் வாரம் சாப்பாட்டில் பரிசோதனை வேண்டாம். குழைய வேகவைத்த சோறு, எலும்பில்லாத கோழிக்கறி, உப்பு மசாலா இல்லாமல். தயிர்சாதமும் பல நாய்களுக்கு ஒத்துக்கொள்ளும். பாலும் பிஸ்கட்டும் கொடுப்பது நம் ஊர் வழக்கம். பலதுக்கு அந்தப் பாலே வயிற்றைக் கலக்கும். வெங்காயம் பூண்டு போட்ட குழம்பு, திராட்சை, சாக்லேட், வேகவைத்த எலும்பு கூடாது.

ஆனால் எல்லாவற்றையும் பயம் என்று தள்ளிவிடாதீர்கள். வளர்ந்த நாய் இரண்டு நாளாக ஒரு வாயும் தொடவில்லை, குட்டி ஒருநாள் முழுக்கச் சாப்பிடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். வாந்தியோடு ரத்தமாகப் பேதி போனால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள், பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். சோர்வு, காய்ச்சல், வெளுத்த ஈறு என்றால் உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மனிதர்களுக்கான காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்கக் கூடாது.

பயப்படுகிறதா, சும்மா படுத்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வால் காலிடுக்கில் போனால் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவைதான் முக்கியம். தூக்கமில்லாத நேரத்தில் கொட்டாவி. எதிரே சாப்பாடே இல்லாமல் மூக்கை நக்குவது. தலையைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்க்கும்போது கண்ணின் வெள்ளை பிறையாகத் தெரிவது. வெயில் இல்லாத இடத்திலும் மூச்சிரைப்பு. உடம்பு பலகை மாதிரி விறைத்து அசையாமல் நிற்பது. இந்தக் கடைசியை "பாரேன், எவ்வளவு சமத்தாகத் தொட விடுகிறது" என்று நினைத்துத் தடவுகிறவர்கள் நிறைய. அது சமத்து இல்லை, உறைந்து போயிருக்கிறது.

நம் தெருவில் வளர்ந்த நாய்க்கு ஒரு தனிப் பாடம் உண்டு: மனிதன் குனிந்தால் கல் வரும். கோலம் போடக் குனிந்தாலும், செருப்பை மாட்டக் குனிந்தாலும், கீழே விழுந்த சாவியை எடுத்தாலும் அதற்கு ஒன்றுதான். என் வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டக் கீழ் விளிம்பைப் பிடிப்பார், மிளகு அடுத்த அறைக்குப் போயிருக்கும். குனிவதற்கு முன்னால் ஏதாவது பேசுங்கள் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்தேன். துடைப்பம், குடை, ஒட்டடைக் கம்பு இவற்றையும் நாய் பார்க்கும்போது சட்டென்று தூக்க வேண்டாம்.

சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நிற்பதும் தப்பு. மாமியார் காலில் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய பழைய கனமான கொலுசு. அவர் வருவது நாலு அறைக்கு முன்னாலேயே கேட்கும். வீட்டில் மிளகு முதலில் பயத்தை விட்டது அவரிடம்தான். அவருக்கு நாய் என்றாலே ஆகாது, அது வேறு விஷயம்.

கிட்டே போனால் உறுமுகிறது. ரெண்டு அடி போட்டால் வழிக்கு வரும் என்கிறார் மாமா.

மாமாவுக்கு ஒரு காபி கொடுத்து உட்கார வையுங்கள். உறுமல் என்பது நாய் மரியாதையாகச் சொல்லும் "தள்ளிப் போ". அடித்தால் பயம் போகாது, உறுமல் மட்டும் போகும். அடுத்த முறை சொல்லாமல் கடிக்கும். உறுமினால் இரண்டு அடி பின்னால் வாருங்கள், அவ்வளவுதான். எந்த இடத்தில், யாரைப் பார்த்து என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சாதுவாக இருந்த நாய் காரணமே இல்லாமல் மாறி, எச்சில் ஒழுக்கி, தண்ணீர் விழுங்க முடியாமல் தடுமாறினால் அது பயம் இல்லை, வெறிநோயாக (ரேபிஸ்) இருக்கலாம். யாரும் தொடாமல் அறையைப் பூட்டிவிட்டுக் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

கையில் பழக்க என்ன செய்வது?

ஈரல். கோழிக்கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். வேகவைத்து உளுந்து அளவுக்கு நறுக்கி ஒரு டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நடந்து போகிற போக்கில், அதைப் பார்க்காமல், அது இருக்கும் பக்கம் ஒன்று போட்டுவிட்டுப் போங்கள். எறியும்போது கையை ஓங்கக் கூடாது, இடுப்புக்குக் கீழிருந்து உருட்டிவிட வேண்டும். இப்படி நாள் முழுக்கப் பத்துப் பதினைந்து தடவை. நீங்கள் வந்தால் ஈரல் வரும் என்று அதற்கே விளங்கட்டும்.

நாலைந்து நாளில் தலையை நீட்டிக் காத்திருக்கும். அப்போது கொஞ்சம் பக்கத்தில் விழுகிற மாதிரி போடுங்கள். அப்புறம் பக்கவாட்டில் உட்கார்ந்து உள்ளங்கையைத் தரையோடு விரித்து வையுங்கள். கை நாயிடம் போகக் கூடாது, நாய்தான் கையிடம் வர வேண்டும். வந்து எடுத்த உடனே ஆசையில் தலையைத் தடவப் போவீர்கள் பாருங்கள், அங்கேதான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். தொடுவதற்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. தொட்டாலும் முதலில் மார்பு, கழுத்தின் பக்கம். தலைக்கு மேலே கை வருவது அதற்கு ஓங்கிய கைதான். மூன்று முறை வருடிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். இன்னும் வேண்டும் என்றால் அதுவே முட்டும். முட்டவில்லையா, சரி, நாளைக்குப் பார்க்கலாம்.

வெளியே எப்போது கூட்டிப் போகலாம்?

வீட்டுக்குள் உங்கள் பின்னால் நடந்து வரத் தொடங்கிய பிறகு. அதுவரை மொட்டைமாடியோ பின்வாசலோ போதும். மாடி என்றால் கைப்பிடிச் சுவரின் உயரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், பயந்த நாய் தாண்டிக் குதித்துவிடும்.

கழுத்துப் பட்டை மட்டும் போட்டுக் கூட்டிப் போகாதீர்கள். மிரண்டு பின்னால் இழுத்தால் தலை உருவிக்கொண்டு வந்துவிடும். மார்போடு மாட்டும் ஹார்னஸ் ஒன்று, கழுத்துப் பட்டை ஒன்று, இரண்டிலும் தனித்தனி கயிறு. முதல் ஒரு மாதம் இது கட்டாயம். நேரம் காலை 5 மணி. தெரு நாய்கள் அப்போதுதான் சோம்பல் முறித்துக்கொண்டிருக்கும், பள்ளி வேன் ஹாரனும் இல்லை. ஏப்ரல், மே மாதச் சேலம் வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. புறங்கையை ரோட்டில் வைத்து ஐந்து எண்ணுங்கள். முடியவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் முடியாது.

கதவு இடுக்கில் ஓடிவிட்டது! என்ன செய்வது?

துரத்தாதீர்கள். பெயரைச் சொல்லிக் கத்தாதீர்கள். துரத்தத் துரத்த அது ஐந்து ரோடு சந்திப்பு வரைக்கும் ஓடும்.

எனக்கு ஒருமுறை நடந்தது. கேஸ் சிலிண்டர் வந்த நேரம், கேட்டை நான்தான் சரியாகச் சாத்தவில்லை. வந்து ஒன்பது நாளே ஆன செவலை நாய் ஓடிவிட்டது. கேட்டைத் திறந்தே வைத்து, அது படுத்திருந்த துணியையும் சாப்பாட்டையும் வாசலில் வைத்தேன். பால்காரர், டீக்கடை, தூய்மைப் பணியாளர்கள் என்று விடியற்காலையில் தெருவில் நடமாடும் எல்லோரிடமும் போட்டோவைக் காட்டி, "பார்த்தால் பிடிக்க வேண்டாம், போன் மட்டும் செய்யுங்கள்" என்று சொன்னேன். நாலாம் நாள் விடிகாலையில் போன் வந்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு சாயப்பட்டறைச் சுவரோரம். நான் கிட்டே போகாமல் தரையில் உட்கார்ந்து ஈரலை ஒவ்வொன்றாகப் போட்டேன். முக்கால் மணி நேரம். ரோட்டில் போனவர்கள் எனக்கு என்ன ஆச்சு என்று பார்த்தார்கள். கடைசியில் வந்தது.

வீட்டுக்குள்ளேயே மூத்திரம் போகிறது.

திட்டாதீர்கள், மூக்கைத் தேய்க்காதீர்கள். உங்கள் முன்னால் போனால் ஆபத்து என்று நினைத்து வெளியிலும் அடக்கிக்கொள்ளும். எழுந்ததும், சாப்பிட்டதும் ஒரே இடத்துக்குக் கூட்டிப் போங்கள். உங்களைப் பார்த்ததும் குறுகிச் சொட்டுச் சொட்டாகப் போனால் அது பழக்கக் குறை இல்லை, பயம். அது தானாகக் குறையும்.

வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

குழந்தைக்கு ஒரே ஒரு விதி போதும்: நாய் இருக்கும் மூலை நாயுடையது, அங்கே போகக் கூடாது. எட்டு வயதுக்கு மேல் என்றால் ஈரல் உருட்டும் வேலையைக் கொடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வாய்விட்டுப் பாடம் படிக்கச் சொல்லுங்கள். என் பையன் தமிழ் மனப்பாடச் செய்யுள் முழுவதையும் அப்படித்தான் படித்தான். கைக்குழந்தை இருக்கும் வீட்டில், ரொம்பப் பயந்த நாயை எடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருக்கிறதே?

அமைதியான நாய் என்றால் அதிர்ஷ்டம். பழைய நாய் உங்களிடம் வருவதைப் பார்த்தே புதியது பாதி கற்றுக்கொள்ளும். ஆனாலும் முதல் பத்து நாள் தனித்தனி அறை. டிஸ்டெம்பர், பார்வோ மாதிரி தொற்றுநோய் எதையாவது கொண்டுவந்திருக்கலாம். அப்புறம் முதல் சந்திப்பு வெளியே, இரண்டையும் ஒரே திசையில் தள்ளித் தள்ளி நடத்தி. சாப்பாடு எப்போதும் தனித்தனியாக.

ஆடித் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் என்ன செய்வது?

சேலத்துக்காரர்களுக்கு இது பெரிய கேள்வி. ஆடி பிறந்தால் கோட்டை மாரியம்மன் கோயிலில் தொடங்கி ஊரில் ஒரு மாரியம்மன் கோயில் விடாமல் பண்டிகை. ஒலிபெருக்கி, மேளம், வாணவேடிக்கை. நாள் முன்கூட்டியே தெரியும் என்பது ஒன்றுதான் நல்லது. அன்று மாலை 4 மணிக்குள் வெளியே கூட்டிப்போய் வந்து, சாப்பாடு போட்டு, ஜன்னல் குறைவான உள்ளறையில் விடுங்கள். ஃபேனை முழு வேகத்தில் வைத்து, டிவியையும் ஓடவிடுங்கள். தீபாவளிக்குத் தமிழ்நாட்டில் 2018 முதல் வெடி நேரம் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று இருக்கிறது. தெருவில் அந்தக் கணக்கு எப்படி என்று நமக்குத் தெரியும். ஒரு வாரம் முன்னாலிருந்தே கவனமாக இருங்கள்.

பயத்தில் உங்களிடம் வந்து ஒட்டிக்கொண்டால் தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சினால் பயம் அதிகமாகும் என்பது வெறும் பேச்சு. நடுங்கி எச்சில் ஒழுக்கி, சுவரைப் பிறாண்டுகிற அளவுக்குப் போனால், மாத்திரை உண்டு. பண்டிகைக்குப் பத்து நாள் முன்னாலேயே மருத்துவரிடம் கேளுங்கள். வெடி வெடித்த பிறகு ஓடினால் பயனில்லை.

ஏற்காட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போகிறோம். கவனிக்க வேண்டியது என்ன?

மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. கிளம்புவதற்கு நாலு மணி நேரம் முன்னால் சாப்பாடு கொடுக்காதீர்கள், வழியெல்லாம் வாந்தி எடுக்கும். கூண்டை இருக்கையோடு கட்டி, மேலே துணியைப் போர்த்துங்கள். வளைவில் குரங்கைப் பார்க்க வண்டியை நிறுத்திக் கதவைத் திறக்க வேண்டாம். மேலே போனதும் தோட்டம் பெரிதாக இருக்கிறதே என்று அவிழ்த்து விடாதீர்கள். காபிச் செடிக்குள் போன நாயைப் பனிமூட்டத்தில் தேடுவது லேசு இல்லை. அறுவடை நாளில் கீழே விழுந்து கிடக்கும் காபிப் பழத்தையும் தின்ன விடக் கூடாது, காஃபின் நாய்க்கு விஷம். வெளியே போய் வந்தால் காதுக்குள், விரலிடுக்கில் உண்ணி பாருங்கள்.

தடுப்பூசி? கடித்துவிட்டால்?

நாய்க்கு மூன்று மாத வயதில் வெறிநாய்க்கடி தடுப்பூசி, அப்புறம் மருத்துவர் சொல்லும்படி வருஷத்துக்கு ஒன்று. வந்த அன்றே தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். அவசரம் இல்லை என்றால் ஒரு வாரம் கழித்துப் போகலாம். காது நுனியில் வெட்டு இருந்தால் குடும்பக் கட்டுப்பாடு முடிந்த தெரு நாய் என்று அர்த்தம்.

பல் பட்டாலும், கீறல்தான் என்றாலும், குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரி. அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். நாய் நல்லாத்தானே இருக்கிறது என்று பாதியில் நிறுத்தாமல் மருத்துவர் சொன்ன தேதிகளில் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். தொடர்ந்து ஃபாஸ்டர் எடுப்பவர்கள் கடிபடுவதற்கு முன்னாலேயே போடும் ஊசியைப் பற்றிக் கேட்டு வைப்பது நல்லது.

ஆள் கிடைத்துவிட்டார்கள். இப்போதுதான் பழகியது, கொடுத்தால் மறுபடி பழையபடி ஆகிவிடாதா?

கொஞ்ச நாள் ஆகும். ஆனால் இரண்டாம் முறை சீக்கிரம் தேறும். எடுப்பவர்களை இரண்டு மூன்று முறை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லி, அவர்கள் கையாலேயே ஈரல் போடச் சொல்லுங்கள். என்ன சாப்பாடு, என்ன நேரம், எந்த வார்த்தைக்கு வரும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மிளகுக்கு நான் எழுதிக் கொடுத்ததில் முதல் வரி, "குனிவதற்கு முன் பேசவும்". அதை எடுத்தவர்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் அதைப் படித்துவிட்டு ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்களாம்.

படுத்திருந்த துணியைத் துவைக்காமல் அப்படியே கூட அனுப்புங்கள். உங்கள் வீட்டு வாசம் அதில் இருக்கும், முதல் சில ராத்திரிக்கு அதுதான் துணை. நான் என் பழைய நூல் சேலையைப் போட்டிருந்தேன். அது திரும்பி வராது, அதனால் பிடித்த சேலையாகப் பார்த்துப் போட்டுவிடாதீர்கள்.